மூன்றாவது வேறுபாடு

அன்று காலை நடந்தது, வரிசையாக:

1. கண் பார்வை இல்லாத ஒரு சட்ட மாணவனுக்காகத் தேர்வு எழுதப் போனேன். அவன் சொல்வான், நான் எழுதுவேன்.
2. ஐந்தாவது கேள்வி: சட்டத்துக்கும் அறத்துக்கும் உள்ள வேறுபாடுகளை விளக்குக.
3. "மூன்று வேறுபாடுகள் உள்ளன" என்று தொடங்கினான்.
4. இரண்டைச் சொல்லிவிட்டு நிறுத்திவிட்டான்.
5. மூன்றாவது எனக்குத் தெரியும்.
6. "வாசிக்கட்டுமா?" என்று கேட்டேன்.
7. "வேணாங்க்கா" என்றான்.

ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அவன் என்னோடு வேலை பார்க்கிறவளின் தம்பி. ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது எங்கள் இருவருக்கும் வேலை. தராசு உண்மையைச் சொல்கிறதா, வெப்பமானி உண்மையைச் சொல்கிறதா என்று பார்ப்போம். சட்டத் தேர்வுக்கு இப்படி எழுதித் தரும் ஸ்கிரைப்பாக வருகிறவர் சட்டம் படித்தவராக இருக்கக் கூடாது என்று விதி. "உனக்குத்தான் சட்டம் சுத்தமா தெரியாதே, நீ வாயேன்" என்று கூப்பிட்டாள். இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் எந்த வேலைக்கும் அழைத்ததில்லை.

அது அவனுடைய கடைசி அரியர். தேறினால் வக்கீலாகப் பதிவு செய்துகொள்ளலாம். கோர்ட்டில் ஒரு சீனியர் அவனை ஜூனியராகச் சேர்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். தேறாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

பழகுவதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் மூலக்குளத்திலிருந்து ஸ்கூட்டியில் அவர்கள் வீட்டுக்குப் போவேன். கீழே அவன் அப்பாவின் கைலிக் கடை, மேலே வீடு. முதல் நாளே திட்டு வாங்கினேன். அவன் ஒரே பத்தியாகச் சொன்னதை நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டு எழுதியிருந்தேன். எனக்கு அப்படித்தான் வரும். வாசித்துக் காட்டியதும் கையை உயர்த்தினான்.

"நம்பர் யாரு போட்டது?"

"நான்தான். பாக்க நல்லா இருக்குமே."

"யாருக்கு?"

அவன் அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் ஓடிவிட்டாள்.

"போன தடவ வந்த அண்ணனும் இப்படித்தான்க்கா. நல்லா இருக்குமேன்னு அங்கங்க சொந்தமா சேத்து எழுதிட்டாரு. அவரு பண்ண ஒதவில நான் ஃபெயிலு. நீங்க ஒதவி பண்ணாம எழுதுங்க, போதும்."

அடுத்து, வாசித்துக் காட்டுவது பற்றிப் பேசினோம். எழுதியதை மாணவனுக்கு வாசித்துக் காட்டலாம், விதி இடம் தருகிறது. வாசிக்கட்டுமா என்று நான் கேட்பதற்கும் தடை இல்லை. விதிக்கு மேலே அவன் ஒன்று வைத்தான்.

"கேட்டா எல்லா விடைக்கும் கேளுங்க. இல்லன்னா எதுக்கும் கேக்காதீங்க. தப்பு இருக்கற எடத்துல மட்டும் கேட்டீங்கன்னா அதுக்குப் பேரு பிட்டு."

இதை எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. சந்தேகம் வந்த கருவியை மட்டும் எடுத்துப் பார்த்தால் எங்கள் வேலையிலும் அதைச் சோதனை என்று சொல்ல மாட்டோம். ஒவ்வொரு விடை முடிந்ததும் ஒரே குரலில் "வாசிக்கட்டுமா?" என்று கேட்பது என்று முடிவானது. அந்த ஒரே குரல் வருவதற்காக வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பழகினேன். வெளியிலிருந்து என் அம்மா சத்தம் போட்டாள்: "யாருகிட்டடி இத்தினி வாட்டி கேக்கற? வாசிச்சுத் தொலையேன்!"

தேர்வன்று எங்களுக்குத் தனி அறை. மேற்பார்வைக்கு ஒரு மேடம். மற்ற அறைகளில் எல்லோரும் வாய் திறக்காமல் எழுதிக்கொண்டிருக்க, இந்த அறையில் மட்டும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மேடம் ரேடியோ கேட்பதுபோலக் கேட்க ஆரம்பித்துவிட்டார். நல்ல உதாரணம் வந்தால் தலையாட்டினார். முதல் நான்கு விடைகள் ஓட்டமாக ஓடின. ஒவ்வொன்றுக்கும் கேட்டேன். ஒன்றை மட்டும் வாசிக்கச் சொன்னான்.

ஐந்தாவது, அவனுக்குப் பிடித்த கேள்வி. ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று வேறுபாட்டையும் அவன் சொல்லச் சொல்ல நான் எழுதியிருக்கிறேன். முதல் வேறுபாடு: சட்டத்தை அரசு இயற்றுகிறது, அறம் மனிதர்கள் சேர்ந்து வாழ்வதில் உருவாகிறது. இரண்டாவது: சட்டத்தை மீறினால் அரசு தண்டிக்கும், அறத்தை மீறினால் ஊர் பேசும். இதற்கு உதாரணம் சொல்லும்போது குஷியாகிவிட்டான். கோரிமேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கித் திகைத்து நிற்கும் நோயாளிக்கு ஒரு ஆட்டோக்காரர் ஆஸ்பத்திரி வாசலைக் காட்டாமல் போனால் எந்தப் போலீசும் அவரைப் பிடிக்காது. ஆனால் சாயங்காலம் ஸ்டாண்டில் அவரோடு யாரும் டீ குடிக்க மாட்டார்கள். மேடம் சிரித்தார். அந்தச் சிரிப்பின் சந்தோஷத்தில் அவன் விடையை அங்கேயே முடித்துவிட்டான்.

நான் நிமிர்ந்தேன். மேடம் என்னைப் பார்த்து மூன்று விரலைக் காட்டினார். பிறகு ஒன்றை மடக்கிவிட்டு, புருவத்தை உயர்த்தினார். விதியைக் காப்பாற்ற உட்கார்ந்திருப்பவரே விரல் காட்டுகிறார்! நான் முடியாது என்று தலையை ஆட்டினேன். பிறகு, பழகிய அதே குரலில் கேட்டேன்.

"வாசிக்கட்டுமா?"

அவன் கொஞ்சம் தலையைச் சாய்த்தான். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்ததுபோல இருந்தது.

"வேணாங்க்கா. அடுத்த கேள்வி."

மேடம் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். நான் எழுதினேன். கடைசியில் நேரமும் மிச்சம் இருந்தது. "ஏதாவது வாசிக்கச் சொல்லிக் கேக்கறியாப்பா?" என்று மேடமே கேட்டுப் பார்த்தார். "வேணாம் மேடம், தேங்க்ஸ்" என்று எழுந்துவிட்டான்.

வெளியே ஜூஸ் கடையில் இரண்டு சாத்துக்குடி சொன்னேன். டம்ளரை வாங்கியதும் கேட்டான்.

"அக்கா, அஞ்சாவதுல எதையோ விட்டுட்டேன்ல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு எப்படித் தெரியும்? குரல் மாறுச்சா?"

"குரலெல்லாம் சூப்பரு. பேனாதான் மாட்டி விட்டுடுச்சு. மத்ததுக்கெல்லாம் புள்ளி வச்ச கையோட கேட்டீங்க. இதுக்குக் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. சேர் வேற கிறீச்சுன்னுச்சு."

"தெரிஞ்சுதான் வேணாம்னியா?"

"தெரிஞ்சதாலதான் வேணாம்னேன். தெரியலன்னா வாசிங்கன்னு சொல்லியிருப்பேனோ என்னவோ."

"வாசிக்கலாம்னு விதியிலேயே இருக்குடா தம்பி. அந்த மேடமே கெஞ்சாத குறை."

"விதிக்கு ஓகே. எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு." ஜூஸை உறிஞ்சினான். "சரி, இப்பச் சொல்லலாம்ல? இன்னாத்த விட்டேன்?"

"மூணாவது வேறுபாடு. சட்டம் வெளியில தெரியற செயலைத்தான் பாக்கும். அறம் உள்ளுக்குள்ள இருக்கற எண்ணத்தையும் பாக்கும்."

ஜூஸ் மூக்கில் ஏறிவிட்டது. இருமி, சிரித்து, திரும்பவும் இருமினான். கடைக்காரர் ஓடிவந்து முதுகைத் தட்டினார்.

"அதையா விட்டேன்? அய்யோ, அதையா! அக்கா, திருத்தறவருகிட்ட யாராவது போய்ச் சொல்லுங்களேன். மூணாவத எழுதல, ஆனா செஞ்சு காட்டிட்டான்னு!"

நானும் சிரித்தேன். வண்டியில் அவனை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பின்னால் அவன் குலுங்கிக்கொண்டே வந்தான். உள்ளூர எனக்கு பயம் போகவில்லை. போன முறை மிகச் சில மதிப்பெண்ணில்தான் தவறியிருந்தான்.

ரிசல்ட் வந்த அன்று அவன் அக்கா வேலை இடத்திலேயே கத்திவிட்டாள். தேறியிருந்தான். அதிகம் இல்லை, ஆனால் தேறியிருந்தான். சாயங்காலம் அவர்கள் வீட்டில் பிரியாணி. "மூணாவதையும் சொல்லியிருந்தா இன்னும் கூட மார்க் வந்திருக்கும்" என்று அவன் அக்கா இழுத்தாள்.

"வந்து? அத வச்சு நான் இன்னா கடையா போடப் போறேன்?" என்றான் அவன். "கடைதான் கீழ இருக்கே."

இப்போது நிலவரம் இது. அவன் அந்த சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்துவிட்டான். நான் அடுத்த மாதம் வேறொரு மாணவிக்கு எழுதப் போகிறேன். குரல் சரியாக இருக்கிறது. பேனாவைத்தான் இன்னும் பழக்கிக்கொண்டிருக்கிறேன்.