மழையில் காய்ச்சிய ஆடிக் கூழ்

புளித்த கேழ்வரகு மாவின் வாசனை... கூடவே ஈர விறகுப் புகை. சுங்குவார்சத்திரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், அம்மன் கோயில் வாசல். 2010 ஆடி மாதம்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. விருதுநகர்ப் பக்கமிருந்து வந்து, ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் லீடராக இருந்தேன். என் லைனில் தேவியும் கலாவும் உள்ளூர்ப் பெண்கள், என் வயதுதான். தேவிக்குக் கை மெதுவாக ஓடுகிறது என்று அந்த வாரம்தான் எல்லோர் முன்னாலும் கத்தியிருந்தேன்.

ஆனாலும் சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் அவளே வந்து கூப்பிட்டாள்.

"நாளிக்கு எங்க ஊர்ல கூழ் ஊத்துறோம் மேடம். இன்னிக்கு சாயங்காலமே காய்ச்சிடுவோம். வந்து பாருங்க."

பார்க்கத்தான் போனேன். கல் அடுப்பில் ஆள் உள்ளே உட்காரலாம் போல ஒரு அண்டா. அரிசி நொய் தளதளவென்று வெந்துகொண்டிருந்தது. கலா கரைத்த மாவை ஊற்ற ஊற்ற, தேவி ஆளுயரத் துடுப்பால் கிண்டினாள். அளக்கப் படி இல்லை, நேரம் பார்க்கக் கடிகாரம் இல்லை...

"நானும் கிண்டவா?" என்றேன்.

"புடிங்க. கைய நிறுத்துனா கட்டி தட்டிடும், அவ்ளோதான்."

பத்துச் சுற்றில் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. அந்த நேரம் பார்த்துச் சடசடவென்று மழை! அடுப்பு அணைந்தால் நாளைக்கு ஊருக்கே கூழ் இல்லை. பதறிப்போய்த் துடுப்பை விட்டுவிட்டேன்.

"இன்னா மேடம், வுட்டுட்டீங்க!" தேவி பாய்ந்து பிடித்தாள்.

தெருப் பெண்கள் ஒரு தார்ப்பாயைக் கொண்டுவந்து, ஆளுக்கொரு மூலையாக அடுப்புக்கு மேலே உயர்த்திப் பிடித்தார்கள். யாரும் யாருக்கும் ஆர்டர் போடவில்லை. அத்தனை பேரும் தொப்பலாக நனைந்தார்கள். அடியில், கண்ணைத் திறக்க முடியாத புகையில், தேவி ஒரு நொடிகூட நிற்காமல் கிண்டினாள். இந்தக் கையையா மெதுவு என்றேன்?

மழை விட்டதும் துடுப்பை மறுபடி என்னிடமே தந்தாள். இறுதியில், கையைத் தண்ணீரில் நனைத்துக் கூழைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள்.

"ஒட்டுதா?"

"இல்ல."

"அப்ப வெந்துடுச்சு. எறக்கிடலாம்."

"தேவி... அன்னைக்கு லைன்ல நான் அப்படிப் பேசிருக்கக் கூடாது."

"அது கெடக்குது வுடுங்க. காலைல சீக்கிரம் வாங்க, வெங்காயம் உரிக்க ஆள் பத்தல."

மறுநாள் தூக்கோடும் குண்டானோடும் ஊரே வரிசையில் நின்றது. மோர் கலந்த கூழில் ஒரு கட்டி இல்லை.

அதன்பிறகு லைனில் யாரிடமுமே கத்தியதில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். தேவியிடம் கத்தியதில்லை.

இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறேன். ஆடி வந்தால் வீட்டில் இருக்கும் மூன்று பேருக்கு அளவாகக் குக்கரில் கூழ் வைக்கிறேன். நன்றாகத்தான் வருகிறது... ஆனால் பக்கத்தில் நின்று கிண்ட யாரும் இல்லை.

போன வாரம் தேவி போன் செய்தாள். கோயில் வாசலில் இப்போது ஷீட் கூரை போட்டுவிட்டார்களாம், மழைக்குப் பயமில்லையாம்.

"கிண்டறதுக்குத்தான் இன்னும் மெஷின் வரல. நீ எப்போ வர?" என்றாள்.

லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.