கைக்கு எத்தனை சொத்தை

எழுபதுகளின் நடுவில் குமுளியில் ஏலக்காய் ஆயும் கொட்டகையில் வேலை பார்த்தேன். ஒரு சுளகுக் காயை ஆய்ந்து, சொத்தையைப் பொறுக்கி முடித்ததும் கணக்கப்பிள்ளை வந்து ஒரு கை அள்ளுவார். அதில் விட்டுப்போன சொத்தை, அதாவது வெடித்ததும் பூச்சி துளைத்ததும், எத்தனை என்று எண்ணி, பலகையில் அவரவர் பெயருக்கு நேரே கூட்டிக்கொண்டே போவார்.

சீசன் ஓய்கிற நேரம் ஆள் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை மாலை யார் பெயரில் சொத்தை அதிகமோ, அவருக்குத் திங்கள் முதல் வேலை இல்லை.

என் பக்கத்தில் உட்காரும் அக்கா சக்குபள்ளத்துக்காரி. அவள் கை ஓடும் வேகத்தைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். அந்தச் சனிக்கிழமை அவள் பெயருக்கு நேரே பதினெட்டு, எல்லோரையும்விட அதிகம். எனக்கு ஒன்பது, எல்லோரையும்விடக் குறைவு.

"வேலைன்னா இந்தப் புள்ள மாதிரி பாக்கணும்" என்றார் கணக்கப்பிள்ளை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அக்கா சுளகைக் கவிழ்த்து வைத்தாள். "இனி என்ன, மலையெறங்கி கம்பத்துல களையெடுக்க வேண்டியதுதான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் ஒன்பது சுளகு முடித்திருந்தாள். ஒன்பது கை அள்ளியதில் பதினெட்டு, அதாவது கைக்கு இரண்டு. நான் ஆடி அசைந்து முடித்தது மூன்றே சுளகு. கைக்கு மூன்று. எனக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது என் சோம்பேறித்தனம். வாயைத் திறந்தால் என் பிழைப்பு போகும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் சுளகை மூலையில் வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பத்தான் பார்த்தேன்.

பிறகு, "அண்ணே, யாருக்கு எத்தன கை அள்ளுனீகன்னும் எழுதுங்க" என்றேன்.

அவர் முனகிக்கொண்டே எல்லோருக்கும் எழுதினார். வகுத்துப் பார்த்தபோது கடைசியில் நின்றது நான்தான்.

"இப்ப நீயில்ல போகணும்?"

"ஆமாண்ணே."

அக்கா குறுக்கே வந்தாள். "அவளுக்குக் கண்ணு காயில இல்லண்ணே, ஊர்க்கதையில இருக்கு. எங்கிட்ட விடுங்க, ஒரு வாரம் பாப்போம்."

அவர் ஒரு வாரம் கொடுத்தார். அந்த வாரம் முழுக்க அக்கா என்னைப் பேசவே விடவில்லை. மறு சனிக்கிழமை என் பெயருக்கு நேரே ஆறு கை, பன்னிரண்டு சொத்தை என்று இருந்தது. அக்கா பலகையைப் பார்த்தாள்.

"இப்ப பேசு" என்றாள்.