போக மட்டும் ஒரு பை

போன வாரம் வடசேரியில் ஒரு பைக்கடையில் ஒன்றேகால் மணி நேரம் நின்றோம். நானும் என் மகள் சுபாவும். ஒன்பது பைகளைத் திறந்து மூடினோம். அதாவது, நான் திறந்து மூடினேன். அவள் வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு லேப்டாப் பையில் பார்க்க அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறதே! பக்கவாட்டில் பஞ்சு வைத்திருப்பார்கள்; அடியில் பார்த்தால் வெறும் துணி. தொப்பென்று கீழே வைத்தால் லேப்டாப்பின் விளிம்பு நேரே தரையில் இடிக்கும். தோள் வார் பையோடு சேரும் இடத்தில் எத்தனை தையல்? ஜிப் வழியாக மழை இறங்குமா? ஒன்பதில் ஆறு, அடிப்பஞ்சிலேயே தோற்றுப் போயின.

கடைக்காரர் சளைக்கவில்லை. "உள்ள முட்டைய வெச்சு ரெண்டாம் மாடியிலேருந்து போட்டாலும் உடையாது சாரே, பாத்துக்கிடுங்க."

"போட்டுப் பாத்திருக்கியளா?"

"முட்ட விக்க வெலையிலயா?"

சுபாவே சிரித்துவிட்டாள். அவள் சிரித்துப் பல நாளாகிறது. அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தானோ என்னவோ, அவர் கேட்டார்: "மகளுக்கு வேலை கெடச்சிருக்கு போலிருக்கே. எங்க, மெட்ராஸா?"

சுபா முந்திக்கொண்டாள். "ஆமா அண்ணாச்சி. மெட்ராஸுதான்."

"நல்லா இரு மக்கா. மொத சம்பளத்துல எனக்கொரு சாயா வாங்கித் தரணும், கேட்டியா?" என்றவர், பைக்கு மேலே போடும் மழை உறை ஒன்றை எடுத்து வைத்தார். "இதுக்குப் பைசா வேண்டாம். எனக்க வக."

நம் ஊரில் பெண்பிள்ளைக்கு லேப்டாப் பை வாங்கினால், வேலை கிடைத்திருக்கிறது என்று பொருள். வேலை போனதற்குப் பை வாங்குவார்கள் என்று யாருக்குத் தோன்றும்?

ஆமாம், போய்விட்டது. நான்கு வருடமாக எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்த்தவள் சுபா. ஒரு காலை வீடியோவில் கூப்பிட்டார்கள். பேசி முடிக்கப் பதினோரு நிமிடம். அன்று மாலையே மெயில் வந்தது — லேப்டாப்பைச் சேதமில்லாமல் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த பிறகுதான் ரிலீவிங் லெட்டர். இன்ன தேதியில் இவரை விடுவித்தோம் என்கிற காகிதம். திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனி இவளை எடுத்துக்கொள்ள ஏறக்குறையச் சம்மதித்திருக்கிறது. ஆனால் அந்தக் காகிதம் திங்கட்கிழமைக்குள் கைக்கு வர வேண்டுமாம். இல்லையென்றால் அடுத்த ஆள்.

கூரியரில் அனுப்பலாம். வழியில் உடைந்தால் அனுப்பியவர் பொறுப்பு என்று அதே மெயிலில் இருந்தது. பேருந்து நிலையத்தில் பார்சல்களை வீசுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நேரில் போவது என்று முடிவு செய்தோம். பீரோவுக்கு மேலே கிடந்த பழைய பையை இறக்கினால்... நான்கு வருட ஈரத்தில் பூஞ்சை பூத்து, ஜிப் துருப்பிடித்து அசையவே மறுத்தது.

"ஒரு போக்குக்குத்தானப்பா. வரத்து கிடையாதுல்லா. எதுக்கு இம்புட்டு பாக்கிய?" என்றாள் சுபா. நான் விடவில்லை. அடியில் இரண்டு விரல் தடிமனுக்குப் பஞ்சு வைத்ததாகப் பார்த்து வாங்கினேன்.

ரயிலில் அதை எங்கே வைப்பது? இருக்கைக்குக் கீழே வைத்தால் மழைத்தண்ணீர். மேலே வைத்தால் விழும். மடியில் வைத்துக்கொண்டேன்.

"பிள்ளையையா வெச்சிருக்கிய? கீழ வையுங்கப்பா. ஆளுவ பாக்காவ."

"பாக்கட்டும். ஒரு கீறல் விழுந்தா உனக்க காயிதம் போச்சு."

சென்னையில் கம்பெனி வாசலில் என்னைச் செக்யூரிட்டி நிறுத்திவிட்டார். உள்ளே போனவள் அரை மணியில் திரும்பினாள். பை முதுகில் ஒட்டித் தட்டையாகக் கிடந்தது. எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தோம்.

"கீறல் ஏதாவது சொன்னாவளா?"

"வாங்குன ஆளு தொறந்தே பாக்கலப்பா. அடியில ஒட்டியிருக்க நம்பரப் பாத்து டிக் போட்டாரு. பொறவு தூக்கிக் குவியல்ல வெச்சிட்டாரு."

"என்ன குவியல்?"

"எங்கள மாதிரி திருப்பிக் குடுத்தவங்களுக்கத. சொவரு ஓரமா அடுக்கிப் போட்டிருக்காவ."

"துணி கிணி விரிச்சு..."

"வெறுந்தரையில. ஒண்ணுக்கு மேல ஒண்ணு."

அவளே சொன்னாள்: "பையையும் வெச்சுக்கிடுங்கன்னேன். பை கம்பெனி சொத்து இல்லன்னு திருப்பித் தந்துட்டாரு."

"எத்தனை லேப்டாப் இருக்கும்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. எதைக் கண்டாலும் எண்ணிப் பழகிய புத்தி.

"எண்ணலப்பா. எனக்க தோளு ஒசரத்துக்கு ரெண்டு அடுக்கு."

முதல் டீ ஆறிப்போயிற்று. இரண்டாவது டீ சொன்ன பிறகு அவள் போன் ஒலித்தது.

"வந்துட்டுப்பா."

"பேரு சரியா போட்டிருக்காவளா?"

"போட்டிருக்காவ."

நான்கு வரிக் கடிதம். கடைசி வரியில் அவளுடைய எதிர்காலத்துக்கு வாழ்த்து. அங்கேயே உட்கார்ந்து அதைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினாள். பெரிய காரியம் முடிந்தது. ஆனால் அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. எழுந்து பையை மாட்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமை பதில் வந்தது. அடுத்த மாதம் சேரச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களும் ஒரு லேப்டாப் தருவார்களாம். சந்தோஷப்பட வேண்டிய செய்திதான்; பட்டேன்.

ஆனாலும் அந்தக் குவியல்... ஒரு லேப்டாப்பின் தடிமன் எனக்குத் தெரியும். சுபாவின் தோள் உயரமும் தெரியும். கணக்குப் போடக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். திரும்பி வரும்போது ரயில் செங்கல்பட்டைத் தாண்டுவதற்குள் போட்டுவிட்டேன். நூற்றுக்கு மேலே வருகிறது.

அத்தனை காலிப் பைகளும் எந்தெந்த ஊருக்குத் திரும்பிப் போயிருக்கும்?