கிளினிக்கை நடத்துகிறவர்

மருதனார்மடத்தில் டொக்டர் தியாகலிங்கத்தின் கிளினிக்கை நடத்துவது யார் என்று கேட்டால், டொக்டர்தான் என்பார்கள். சுத்தப் பொய். டொக்டர் நோயாளரைப் பார்க்கிறார், அவ்வளவுதான். யார் எப்போது வரவேண்டும், எந்தத் தாதி எங்கே நிற்கவேண்டும், இரத்தப் பரிசோதனை முடிவு ஏன் இன்னும் வரவில்லை என்பதையெல்லாம் பார்ப்பவர் நிர்வாகி உதயகலா. உடுப்பிட்டிக்காரி. வயது நாற்பத்திரண்டு. கம்பஸ் படிப்புக் கிடைக்காமல் பத்து வருடம் மருந்துக்கடையில் நின்றுவிட்டு இங்கே வந்தவர். சனம் அவரை "நம்பர் குடுக்கிற பிள்ளை" என்றது. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருடம் கிளினிக் மூடப்பட இருந்தது. கொழும்பிலிருந்து வந்த புதுக் கணினி ஆளுக்குக் கால்மணி நேரம் ஒதுக்கிக் கொடுத்தது. தொலைபேசியில் எல்லோரும் "ஓம், ஓம்" என்றார்கள். சொன்ன நேரத்துக்கு வரவில்லை. நோயாளர் உட்காரும் வாங்குகள் வெறுமையாகக் கிடக்கும். பிறகு முப்பது பேர் ஒன்றாக வந்து முட்டுப்படுவார்கள். சண்டை பிடித்துக்கொண்டு பாதிப் பேர் வேறு இடம் போனார்கள்.

டொக்டருக்குப் பொறுமை போய்விட்டது. "இந்தச் சனத்துக்கு நேரம் எண்டால் என்னெண்டு தெரியாது, உதயகலா. ஓகஸ்ட்டோடை பூட்டிப்போட்டுக் கொழும்புக்குப் போறன்" என்றார். ஆறு பேரின் வேலை போகும். எங்களைப் போன்ற சீனி வருத்தக்காரருக்குப் பக்கத்தில் இருந்த ஒரே இடமும் போகும்.

உதயகலா அழவில்லை. ஒரு கொப்பி வாங்கினார். கணினி 'வரவில்லை' என்று காட்டிய ஒவ்வொருவரும் உண்மையில் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று வாராவாரம் ஆறு கிழமை எழுதினார். திங்களில் காலை வெறுமை, செவ்வாயில் பின்னேரம், வெள்ளியில் பத்தரைக்குப் பிறகு. ஏன் என்றுதான் பிடிபடவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு நோயாளர்களில் அரியாலை யாகப்பு மட்டும் தனியே இருந்தார்.

"என்ன பிள்ளை, கிளினிக்கை நான் விலைக்கு வாங்கிப்போட்டன் போலை கிடக்கு?"

"மற்ற ஆக்கள் ஏன் வரேல்லை எண்டு விளங்கேல்லை, அண்ணை."

"எல்லாரும் முன்னுக்குத் தேத்தண்ணிக் கடையிலைதான் இருக்கினம். இராகு காலம் முடியட்டாம். நான் வேதக்காரன், சேர்ச்சுக்குப் போறவன், எனக்கென்ன!"

உதயகலா திரும்பித் தன் கதிரைக்குப் பின்னால் தொங்கிய கலண்டரைப் பார்த்தார். கொப்பியில் இருந்த ஓட்டைகள் எல்லாம் அதில் இராகு காலம் என்று அச்சடித்தபடி இருந்தன. தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்களில் நானும் ஒருவன். சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்க வந்துவிட்டு, சீனி போட்ட தேத்தண்ணி குடித்துக்கொண்டு நல்ல நேரம் பார்த்தேன். வெட்கக்கேடு.

உதயகலா விசயத்தைச் சொன்னதும் டொக்டர் சீறினார். "இராகு காலத்துக்கு என்ரை கிளினிக்கிலை இடமில்லை!"

"அது எப்பவோ வந்து குந்தியிட்டுது, டொக்டர். நாங்கள்தான் பாக்கேல்லை" என்றார் உதயகலா.

அடுத்த நாளே கணினியின் அட்டவணையைக் கலைத்தார். நேரம் கேட்டவர்களிடம் "இராகு காலம் பாக்கிறனீங்களோ?" என்று வெட்கப்படாமல் கேட்டார். பார்க்காதவர்களுக்கு அந்த நேரத்தைக் கொடுத்தார். புண்ணுக்கு மருந்து கட்டுவதையும் பிரஷர் பார்ப்பதையும் அதற்குள் போட்டார். ஏற்கெனவே தொடங்கிய வைத்தியத்துக்கு இராகு காலம் பார்ப்பதில்லை என்று அவர் சொன்னபோது ஒருவரும் மறுக்கவில்லை. மூன்றாம் கிழமையிலிருந்து வாங்கு ஒருபோதும் காயவும் இல்லை, நிரம்பி வழியவும் இல்லை. போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது.

ஓகஸ்ட் கடைசியில் டொக்டர் அவரை உள்ளே கூப்பிட்டார்.

"கொழும்பிலை வேலை தாறம் எண்டவைக்கு வரேலாதெண்டு சொல்லிப்போட்டன். கிளினிக்கைப் பூட்டேல்லை. சந்தோசமோ?"

"நல்லதாப் போச்சு, டொக்டர்" என்றார் உதயகலா. "நான் வருசம் முடியுமட்டும் ஆக்களுக்கு நேரம் குடுத்து முடிச்சிட்டன்."