மாடிவீட்டுப் பெண்ணும் நான் வாசித்த மனுவும்

எங்கள் வீட்டு மாடியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரு பெண் குடியிருந்தாள். ஒல்லியான உடம்பு, கொண்டையில் எப்போதும் ஒரு பேனா செருகியிருக்கும். ஒவ்வொரு வரி அடித்து முடித்ததும் அவள் சுண்டுவிரல் தானாகப் போய், புள்ளியும் கொக்கியுமாக ஒரு குறியை வைக்கும். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு அழிப்பாள்.

“பழைய கம்ப்யூட்டர் பாஷையில இது கட்டாயம்மா. இப்ப நான் மாறின பாஷையில வேணாம். விரலுக்குத்தான் இன்னும் புரியல.”

பரவைச் சந்தையில் பெண்களுக்குக் கழிப்பறை கேட்டு, அதிகாரி முன்னால் மனு வாசிக்க வேண்டியிருந்தது. மகளிர் குழுத் தலைவி நான்தான். ஆனால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். மனுவோ பக்கம் முழுக்க நெருக்கி எழுதியிருந்தது. மாடியேறினேன்.

“கண்ணாடி சரியில்லத்தா. இதக் கொஞ்சம் பாரு.”

“இம்புட்டையும் ஒரே மூச்சில எழுதிட்டாங்களா! நானும் முன்னாடி புரோகிராம இப்படித்தாம்மா அடைச்சு வைப்பேன். புது பாஷையில உள்ள தள்ள வேண்டிய வரியத் தள்ளி எழுதலேன்னா புரோகிராம் ஓடவே ஓடாது.”

மனுவையும் அதே மாதிரி பிரித்து, பெரிய எழுத்தில் அடித்துத் தந்தாள். வரிக்கு ஒரு கோரிக்கை. அதன் காரணம் கீழே, சற்று உள்ளே தள்ளி. எங்கே மூச்சு விடுவதென்று கண்ணுக்கே தெரிந்தது. திக்காமல் வாசித்தேன். இடம் பார்க்க வருவதாக அதிகாரி சொன்னார்.

சாயங்காலம் சொல்லப் போனேன்.

“கண்ணாடி மாத்தியாச்சாம்மா?”

“ஆமாத்தா.”

மூக்கில் இருந்தது அதே பழைய கண்ணாடி. அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஒரு குறி வைத்தாள், அழித்தாள். வேலை மும்முரமா, என் மானத்தைக் காத்தாளா, இன்றுவரை தெரியவில்லை. எதுவானாலும் அவள் நன்றாக இருக்க வேண்டும்.