புதுக் கல்லீரலில் பழைய கிருமி

ஓட்டல் சலவைக் கூடத்தில் விரிப்பு மடிப்பது அவள் வேலை. ஆவி கிளம்பிவிட்டால் எதிரே நிற்பவர் முகம் தெரியாது. வெள்ளைத் துணிகள் மட்டும் மிதந்து வரும். "அக்காவைத் தேடணும்னா மேகத்துக்குள்ள கையை விடணும்" என்று கூட இருப்பவர்கள் கேலி செய்வார்கள்.

மகளைப் பெற்றபோது ஏற்றிய ரத்தத்தோடு ஹெபடைட்டிஸ் சி கிருமியும் வந்து ஒட்டிக்கொண்டது. அது சத்தம் காட்டாமல் கல்லீரலை அரித்து முடிக்க இருபத்தாறு வருஷம் ஆயிற்று. கடைசியில், விபத்தில் இறந்த முகம் தெரியாத ஒருவரின் கல்லீரலைப் பொருத்தினார்கள். கண் விழித்ததும், "மழை பெய்யுதா?" என்று கேட்டாள். வெளியே நல்ல வெயில்.

நான்காம் மாதம் டாக்டரம்மா ரத்த அறிக்கையோடு உட்கார்ந்தார்.

"பழைய கல்லீரலைத்தாம்மா எடுத்தோம். கிருமி ரத்தத்துல இருந்துச்சு. புதுசுலயும் குடியேறிடுச்சு."

"ஐயோ! யாரோ கொடுத்ததை வாங்கி வச்சுக்கிட்டு இப்படிப் பண்ணிட்டேனே."

"நீங்க என்ன பண்ணீங்க? முன்னெல்லாம் ஊசிதான், பாதிப் பேருக்குக்கூடக் கேக்காது. இப்ப பன்னெண்டு வாரம் மாத்திரை, பெரும்பாலும் விரட்டிடலாம். ஆனா புது உறுப்பை உடம்பு ஒதுக்காம இருக்கத் தர்ற மருந்தை நிறுத்தவே கூடாது. அதோட அளவை ரத்தம் எடுத்துப் பாத்துப் பாத்து மாத்துவோம்."

லீவில் இருந்த அந்த வாரங்கள் ஒரே நீண்ட மத்தியானம் போலக் கழிந்தன. திரைச்சீலை காற்றில் உப்பும், அடங்கும். வலது விலாவின் கீழே உள்ளங்கையை வைத்தபடி அரைத்தூக்கத்தில் கிடப்பாள்.

"நீச்சல் தெரிஞ்ச ஆளா இருந்திருக்கும்" என்றாள் ஒருநாள், கண்ணைத் திறக்காமல்.

"யாரு?" என்றார் லிஃப்ட் மெக்கானிக்கான கணவர்.

"கொடுத்தவங்க. எனக்குத் தண்ணின்னாலே பயம். கனவுல அக்கரைக்கே போயிட்டு வரேன்."

"போறதுக்கு முன்னாடி மாத்திரையைப் போட்டுட்டுப் போ."

சிரித்தபடி எழுந்து போட்டுக்கொண்டாள். ஒருவேளைகூடத் தவறவில்லை.

மாத்திரை முடிந்தது. மேலும் பன்னிரண்டு வாரம் கழித்துத்தான் உறுதி சொல்ல முடியும் என்றார்கள். அதையும் கடந்து, அன்று டாக்டரம்மா தாளைத் திருப்பிக் காட்டினார்.

"கிருமி இல்லம்மா."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னார். வாய் ஓயாத கணவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார்.

திரும்பும் பஸ்ஸில் இறங்கவேண்டிய நிறுத்தம் வந்தது, போனது. இருவருமே அசையவில்லை. கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் வந்து தோளைத் தொட்டார்.

"எங்க போகணும்?"

"எங்கயும் இல்லப்பா" என்றாள். "சும்மா உட்கார்ந்திருக்கோம்."