எங்கள் வீடு கடைசி

குழாயடிச் சண்டை என்று எங்கள் வேலூர்ப் பக்கம் சொல்வார்கள். புனேயில் லோஹேகாவ் ஓரத்தில் நாங்கள் குடியேறிய தெருவில் குழாயே கிடையாது, டேங்கரடிச் சண்டைதான். தொண்ணூறுகளின் நடுவில், என் வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து சுபேதாராக ஓய்வுபெற்றதும் அங்கே இரண்டு அறை வீடு கட்டினோம். தலைக்கு மேல் நாள் முழுக்க விமானம் பறக்கும். தண்ணீர் மட்டும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான், அதுவும் டேங்கர் மனசு வைத்தால்.

வண்டி தெருமுனையில் திரும்பும்போதே பெண்கள் ஹண்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். குடத்துக்கு அங்கே ஹண்டா என்று பெயர். ஒருநாள் அந்தத் தள்ளுமுள்ளில் பக்கத்து வீட்டு மராட்டிப் பெண்ணுக்கு நெற்றி பிளந்துவிட்டது. அடுத்த முறை வண்டி வந்தபோது இவர் இஸ்திரி போட்ட சட்டையில், வாயில் விசிலோடு நடுத்தெருவில் நின்றார். "லைன் மே!" என்று வரிசையில் நிற்கச் சொல்லி அவர் போட்ட சத்தத்தில் டிரைவர்கூட இறங்கி நின்றுவிட்டார். தெருவே சிரித்தது. எனக்கு மானம் போயிற்று.

மனிதர் விடவில்லை. மழையிலும் போனார், காய்ச்சலிலும் போனார். சிரித்தவர்களே கொஞ்ச நாளில் தாமாக வரிசையில் நின்றார்கள். சண்டை ஓய்ந்தது, நடக்க முடியாத கிழவிக்கும் தண்ணீர் கிடைத்தது. அதெல்லாம் சரி. ஆனால் அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு: வரிசையில் எங்கள் வீடுதான் எப்போதும் கடைசி. சுபேதார் பெண்டாட்டி என்று பெயர், வால் மாதிரி நான் பின்னால் நிற்பேன். அடி வண்டலோடு வரும் தண்ணீர்தான் எனக்கு வாய்க்கும்.

பிரசவத்துக்கு மகள் வந்திருந்த கோடையில், எனக்கு முன்னால் நின்றவளோடு டேங்கர் வற்றிவிட்டது. வீட்டில் பிறந்து சில நாளே ஆன பேத்தி. வெறும் ஹண்டாவை அவர் காலடியில் போட்டேன்.

"ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் ரொப்பினு போறாங்க. பச்சப் புள்ளத் துணி அலச நம்ம வூட்ல தண்ணி இல்ல. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும். அது தெரியாதா உங்களுக்கு?"

அவர் குரலை உயர்த்தவே இல்லை. "பட்டாளத்துல சோத்து லைன்ல ஆபீசர் கடைசியாத்தான் தட்ட நீட்டுவாரு. அப்பதான் கடைசி ஆளுக்கு மிஞ்சுதா இல்லியான்னு அவருக்குத் தெரியும். நான் முன்னாடி போய்ட்டா, நாளைக்கு என் பேச்ச எவ கேப்பா?"

"நீங்க நில்லுங்க கடைசியா. நானும் எம் பேத்தியும் எந்தப் பட்டாளத்துல சேந்தோம்?"

அவர் இரண்டு கேன்களை சைக்கிளில் கட்டிக்கொண்டு, தெரிந்த பழைய பட்டாளத்துக்காரர் வீட்டுக் கிணற்றுக்குப் போனார். அந்த வெயிலில் அவர் மிதித்துப் போனதைப் பார்த்தும் என் கோபம் ஆறவில்லை. அதற்குப் பிறகும் பல வருஷம், ஹண்டாவைக் கீழே வைக்கும் ஒவ்வொரு முறையும் அவரை வைதுகொண்டேதான் வைத்தேன்.

அவர் போனதும் ஒரு கோடையில்தான். காலையில் நெஞ்சு வலி என்றார், ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. அன்று டேங்கர் வரும் நாள் இல்லை. குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். வீட்டில் அரை ஹண்டாதான் இருந்தது. அந்த நேரத்திலும் எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. உங்களைக் குளிப்பாட்டக்கூடத் தண்ணீர் வைக்காமல் போனீர்களே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

நான் யாரையும் கேட்கவில்லை. நெற்றியில் தழும்பு உள்ள அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்தான் முதலில் வந்தாள், இடுப்பில் ஒரு ஹண்டா. அவளுக்குப் பின்னால் தெரு முழுக்க வந்தது. முந்தின நாள் பிடித்து, மறுநாள் வரைக்கும் வேண்டும் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்த தண்ணீர். யாரும் முண்டவில்லை. அவர் இருந்தால் எப்படி நிற்பார்களோ அப்படி, ஒருவர் பின் ஒருவராக நின்று எங்கள் வாசலில் இறக்கி வைத்தார்கள். அவரைக் குளிப்பாட்டிய பிறகும் தண்ணீர் மிஞ்சியது.

காரியமெல்லாம் முடிந்தபின் ஒருநாள் டேங்கர் வந்தது. விசில் இல்லாமலே வரிசை நின்றது. என்னைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுப் பெண் என் ஹண்டாவை வாங்கி எல்லாருக்கும் முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

"காகூ, தும்ஹி புடே யா," என்றாள். சித்தி, நீங்கள் முன்னால் வாருங்கள் என்கிறாள்.

எத்தனை வருஷம் சண்டை போட்டுக் கேட்ட இடம் அது. ரப்பர் குழாய் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நான் ஹண்டாவை எடுத்துக்கொண்டு வரிசை நெடுக நடந்து வால்பக்கம் போனேன். "ஹமாரா கர் லாஸ்ட்," என்றேன் என் ஓட்டை இந்தியில்.

அவர் எங்கள் வீட்டுக்கென்று வைத்த இடம் அது. அதை வேறு யாருக்கும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.